படிகத்தில் பட்ட தேங்காய் எண்ணெய்

நல்லமிளகு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயின் மணம். போன சனிக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. என் ஹாஸ்டல் நாட்களின் தலையணை உறைகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டன!

அந்த மணம் வந்தால் லாலி அக்காவின் மகள் ஜினி பெங்களூருக்கு ரயில் ஏறப்போகிறாள் என்று அர்த்தம். தலையில் எண்ணெய் வைக்காமல் எந்தப் பிள்ளையையாவது எல்லையில் இருக்கும் பாறசாலையைத் தாண்ட விட்டிருக்கிறோமா?

அவளை ஸ்டேஷனில் கொண்டுவிடக் கார் சாவியோடு போனேன். அங்கே சண்டை.

“ஒரு சொட்டும் வேண்டாம் அம்மா.”

“தல காய்ஞ்சு தேங்கா நாரு மாதிரி கெடக்கு. தம்பி, நீங்களே பாருங்க.”

ஜினி ஆய்வுக்கூடத்தில் குறைக்கடத்திப் படலம் வளர்க்கிறாள். ஆமாம், வளர்ப்பதுதான்... பளபளப்பான படிகத் தட்டை, காற்றே இல்லாத பெட்டிக்குள் சூடாக்குவார்கள். ஆவியாகி வரும் அணுக்கள் சத்தமில்லாமல் அதன்மேல் இறங்கும். கீழே படிகம் எந்த வரிசையோ, அதே வரிசையில் உட்காரும். அதன்மேல் அடுத்த வரிசை... முடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய ஏடு. நம் எல்இடி விளக்குகள் பிறப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்து எண்ணெய்த் தலையோடு போனவள், எண்ணெய் ஊறிய ஆய்வுக்கூடத் தொப்பியைச் சரிசெய்த அதே கையுறையோடு தட்டைத் தொட்டிருக்கிறாள். கண்ணாடியாய் மின்ன வேண்டிய ஏடு, பால் சிந்தியதுபோல மங்கிப்போனது.

“நாளக்கழிச்சு எனக்க முறை. இதும் போச்சுன்னா மெஷின் கெடைக்க மாசக்கணக்காவும். தீசிஸ் நிக்கும்.”

“உள்ளதா மக்கா? எண்ணெயாலயா?”

“எண்ணெயாலதான் ஆக்கும்.”

“அப்பமே ஏன் சொல்லேல?”

“சொன்னா நீ அழுவ.”

அக்கா அழவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். “காய்ச்சினத களையவா முடியும்? தம்பிக்குத் தேச்சு விடுகேன். அவருக்கு மெஷின் ஒண்ணும் இல்லல்லா.”

எனக்குத் தலையில் முடியும் இல்லை என்பதை அக்கா கவனிக்கவில்லை போலும்.

நம் ஊர்ப் பாசம் கொஞ்சம் பிசுபிசுப்பானது. எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. விஞ்ஞானிகள் பாவம், ஒரு ஜோடி கையுறையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

ஸ்டேஷன். வழியனுப்பும்போது தலையில் கைவைத்து ஜெபிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ரயில் வந்ததும் ஜினி பழக்கத்தில் தலைகுனிந்தாள். அக்கா கையை உயர்த்தினார். முடிக்கு ஒரு விரற்கடை மேலே அது அப்படியே நின்றது. கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய முணுமுணுத்தார்.

“நான் தொடேல. ஆமென் சொல்லிட்டு ஏறு மக்கா.”