ஒட்டு போடாத பதினொரு வினாடி

ஒரு மனுஷி எத்தனை தடவைதான் ஒரே புல்லாங்குழலைக் கேட்டுத் தொலைப்பாள்? ஆறு வருஷமாக அவளுக்கு பாட்காஸ்ட் எடிட்டிங்தான் வேலை. வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சி, ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இடத்தில் கொஞ்சம் இசை. பேச்சை வெட்டிய இடம் காதில் உறுத்தாமல் இருக்க நடுவில் சொருகுவது. வெளியே அதற்கு இடையிசை என்று பெரிய பேர். அந்த ஆபீஸில் அதற்குப் பேர் ஒட்டு. கிழிந்த சட்டையில் போடுவோமே, அதே ஒட்டுதான்.

முதலாளிக்கு இந்த ஒட்டுப் பைத்தியம் தலைக்கேறி ரொம்ப நாளாயிற்று. நிகழ்ச்சியில் கேள்வி கேட்பவரும் அவர்தான். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை மெலடி சார் என்பார்கள். மூன்று வினாடி யாரும் பேசாமல் இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும். வந்தவர் தண்ணீர் குடித்தால் புல்லாங்குழல், யோசித்தால் கிடார், அழுதுவிட்டாலோ கேட்கவே வேண்டாம், வயலின். ஒரு தடவை ஒரு பல் டாக்டர் தும்மித் தொலைத்தார். அதற்கும் ஒட்டு!

"தும்மலுக்கு எதுக்கு சார் மியூசிக்?"

"கேக்குறவங்களுக்கு ஒரு ரிலீஃப்மா."

ரிலீஃபாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

போன வாரம் தன் தொழிலைப் பற்றிப் பேச வர வேண்டிய டைல்ஸ் வேலைக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். மெலடி சார் அவள் பக்கம் திரும்பி, "உங்க அப்பா லிஃப்ட் மெக்கானிக்தானேம்மா?" என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்குத் திக்குவாய். போன் அடித்தால் பக்கத்தில் இருந்தாலும் எடுக்க மாட்டார். கடையில் கையைக் காட்டித்தான் சாமான் வாங்குவார். அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டபோதெல்லாம் அப்பாவுக்குப் பதிலாக வந்து நின்றது சித்தப்பா. மாட்டேன் என்றுதான் சொல்வார் என்று நம்பி, ஒப்புக்குத்தான் கேட்டு வைத்தாள். மனுஷன் எடுத்த எடுப்பில் "வ... வரேன்" என்றுவிட்டார். சட்டைக்கு இஸ்திரி வேறு போட்டுக்கொண்டு வந்தார், மைக்கில் சட்டை தெரியப் போகிற மாதிரி.

பேசவும் பேசினார். ஒரு நாள் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். உள்ளே ஒரு பெண் ஓவென்று அழுகிறாள். வெளியே இருந்து "பயப்படாதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த 'ப' வந்தால்தானே? கடைசியில் கையில் இருந்த ஸ்பேனரால் கதவை இரண்டு தட்டு தட்டினாராம். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்தும் இரண்டு தட்டு. லிஃப்ட் ஏறும்வரை இருவரும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். இதைச் சொல்லும்போதும் அதே 'ப' தொண்டையில் மாட்டிக்கொண்டது. முழுசாகப் பதினொரு வினாடி. ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவளுக்கு வியர்த்துவிட்டது.

அப்பா போன கையோடு மெலடி சார் வந்தார். "பிரமாதம்மா! அந்த பதினொரு வினாடில மட்டும் ஒரு ஒட்டு போட்டுடு."

"சார், வார்த்தை வரலைங்கறதுதான் சார் கதையே!"

"கேக்குறவன் நெட் போயிடுச்சுன்னு நினைப்பான்மா."

"நினைக்கட்டும்."

"அவருக்கும் மரியாதையா இருக்கும்ல? திக்குறது தெரியாது."

அவ்வளவுதான். ஆறு வருஷத்து எரிச்சலும் மொத்தமாகப் பொங்கிவிட்டது. "எங்க அப்பா என்ன கிழிஞ்ச சட்டையா சார்? அதுல ஒட்டு போட்டீங்கன்னா நாளைலேர்ந்து நான் வரலை" என்றாள். வாய் சொல்லிவிட்டது. இந்த வேலை போனால் வீடு எப்படி ஓடும் என்று அவளுக்கே தெரியாது. மெலடி சார் முறைத்தார். "என்னமோ பண்ணு. நாலு பேர் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ" என்று போய்விட்டார். அவளுக்கோ கோபம் அடங்கவில்லை. வீம்புக்கு, மற்ற இடங்களில் இருந்த ஒட்டையும் ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்தாள். முதலில் இல்லை, முடிவில் இல்லை, ஒரு மணி ஓசைகூட இல்லை. அப்படியே மெலடி சாருக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள். பதினொரு வினாடி வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தாள். மனுஷன் அசையவே இல்லை. முடிந்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"எல்லாம் ச... சரி. மியூசிக் எங்க?"

"என்னது?"

"எல்லாருக்கும் போடுற. அந்த பல் டாக்டர் து... தும்மினதுக்குக்கூடப் போட்ட. எனக்கு மட்டும் இல்லையா?"

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "உங்களுக்காகத்தான்ப்பா வேலையையே விடறேன்னு சண்டை போட்டேன்! நீங்க திக்குறதை அவங்க மறைக்கக் கூடாதுன்னு!"

"தி... திக்கினா திக்கட்டுமே. அதை யாரு கேட்டா?" அப்பாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆறு வருஷமா ஒண்ணுவிடாம கேக்குறேன். யார் யாரோ பேசுறான், எ... எனக்கென்ன? மியூசிக் வந்தா மட்டும் உங்க அம்மாவைக் கூப்பிட்டு, இது நம்ம பொ... பொண்ணும்பேன்."

அப்பா அதோடு விடவில்லை.

"இதுலயாவது ரெண்டு பேரும் சே... சேர்ந்து வருவோம்னு வந்தேன். இல்லன்னா நான் எதுக்கு வாயைத் தெ... திறக்கப் போறேன்? இதுல நான் மட்டும்தான் இருக்கேன். நீ எங்க?"

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாப்பா?" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது, அதுவும் எரிச்சலாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"சார், அந்த ஃபைலை ஏத்திடாதீங்க. ஒரே ஒரு ஒட்டு போடணும். எங்க அப்பா கேக்குறார்."