கைசரும் மகளும்

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் வெறுங்கையோடு துப்பரவுக் கொம்பனி தொடங்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை வேலையாட்கள் ‘கைசர்’ என்பார்கள். ஜேர்மன் பேரரசரின் பட்டமாம். ‘கைசரும் மகளும்’ என்று வாகனத்திலேயே எழுதுவித்தேன்.

என் ஒரே பிள்ளை கஜந்திக்கு நாற்பது வயதில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. அன்று மதியத்துக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும்.

“கொம்பனியை ஆர் பாக்கிறது?” என்றேன்.

“அப்பா, பிரஷ்யா எண்ட ராச்சியத்துக்கு ஆர் ராசாவோ அவன்தான் ஜேர்மன் கைசர். மூத்த மகனாப் பிறந்தாக் காணும், விருப்பமோ எண்டு கேக்கமாட்டினம்.”

“எனக்கு ஆரும் ராச்சியம் தரேல்லை பிள்ளை. நானாப் பிடிச்சது.”

“அதாலைதான் எனக்கு விட்டிட்டுப் போகேலாமல் கிடக்கு.”

மதியம் கடந்தபோது அவள் துறைமுக அலுவலகமொன்றில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப்போல் மினுக்க டென்மார்க்கில் ஆளில்லை.