திருப்பி விட்ட ஜீப்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ராஜபாளையம் காசிராஜன் என் கையைப் பிடித்துக்கொண்டு, தேதி, மணி எல்லாம் பிசகாமல் சொன்னது இது. தன் மனைவி வெள்ளத்தாய் இருக்கிற வரைக்கும் இதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். 1998 கார்த்திகையில் அந்தப் புண்ணியவதி போய்ச் சேர்ந்துவிட்டாள். இனிமேல் சொல்லலாம்.

மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடியில் காசிராஜனுக்கு எட்டு ஏக்கர் மாந்தோப்பு. தோப்புக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு ஓடை. பாலம் கிடையாது. கல்யாணமான புதிதில் தோப்பு வீட்டில்தான் இருவரும் குடியிருந்தார்கள். 1983 ஐப்பசி, அடைமழை. வெள்ளத்தாய்க்கு எட்டு மாதம். வலி முந்திக்கொண்டு வந்துவிட்டது. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால், ஓடையில் தண்ணீர் கரை புரண்டு ஓடுகிறது. மாடு இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. அடித்துப் பார்த்தார், அழுது பார்த்தார். நாலு மணி நேரம் அந்தக் கரையிலேயே. வண்டிக்குள்ளேயே பெண் குழந்தை பிறந்தது. ஒரே ஒரு தடவை அழுதது. அதோடு சரி. பேர்கூட வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை தங்கவே இல்லை.

தோப்பு வீட்டைப் பூட்டிவிட்டு ராஜபாளையத்துக்கு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து காசிராஜனுக்கு மனசில் ஒரே ஒரு எண்ணம்தான். எந்தத் தண்ணீரிலும் இறங்கி ஏறுகிற வண்டி ஒன்று வாங்கிவிட வேண்டும். யாரைக் காப்பாற்றப் போகிறார் என்று கேட்காதீர்கள். அது அவருக்கே தெரியாது. காசு சேர எட்டு வருஷம் ஆனது.

1991 ஆடியில் பேச்சு சூடு பிடித்தது. புது ஜீப்பா, பழைய ஜீப்பா? டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சைக்கிள்கூட இல்லாதவன்தான் இந்த மாதிரி விஷயத்தில் நிறையப் பேசுவான். மதுரையில் புதுசுக்கு விலை விசாரித்தால் தலை சுற்றியது. அதே சமயம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐயாதுரை என்கிற பழைய மிலிட்டரிக்காரர் தன் ஜீப்பை விற்கிறார் என்று புரோக்கர் பொன்னுராஜ் சேதி கொண்டுவந்தான். 78ஆம் வருஷத்து டீசல் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஏறி இறங்கிய வண்டி, ஆனால் பட்டாளத்துக்காரர் கையில் இருந்ததால் கண்ணாடி மாதிரி இருந்தது. முட்டி வலி வந்து அவரால் கிளட்சை மிதிக்க முடியவில்லையாம், அதனால் விற்கிறாராம்.

காசிராஜனுக்குப் பழைய வண்டி பிடித்துப் போனது. வெள்ளத்தாய்தான் ஒரே பிடியாக நின்றாள். அடுத்தவன் வண்டியில் என்ன சாவு விழுந்திருக்குமோ, யார் வயிற்றெரிச்சல் ஒட்டியிருக்குமோ, வாங்குவதே ஒரு தடவை, அதைப் புதுசாக வாங்கினால் என்ன என்றாள். காசிராஜன் பொன்னுராஜிடமே கேட்டுவிட்டார். இந்த வண்டியில் கொசுகூடச் செத்திருக்காது என்று அவன் சிரித்தான். புரோக்கர் சிரித்தால் நமக்கு எங்கே நம்பிக்கை வருகிறது?

எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் அந்த வண்டியைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பெண்ணை ஏற்றிக்கொண்டு, தன் சொந்த நிலத்துக்கு ஓட்டிப் போய் வரவேண்டும். ராசி இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் பொழுது சாய்வதற்குள் திருப்பி விட்டுவிட வேண்டும். நம் பொருள் ஒரு துரும்புகூட அதில் போகக் கூடாது. கூட்டி எடுத்துவிட்டுத்தான் விடுவார்கள்.

ஆகஸ்ட் 21, புதன்கிழமை. காலை ஒன்பது பத்துக்குக் கிளம்பினார்கள். வெள்ளத்தாய் முன் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து ஐந்துக்கு ஓடை. மலையில் மழை பெய்திருந்ததால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். காசிராஜன் நாலு சக்கரத்துக்கான கியரைப் போட்டு இறக்கினார். வண்டி ஜம்மென்று போனது. அக்கரை ஏறும் இடத்தில் இன்ஜின் திடீரென்று நின்றது.

அப்போது வண்டியின் பின்பக்கம் லேசாக அமிழ்ந்து நிமிர்ந்தது. யாரோ தொற்றி ஏறினால் அமிழுமே, அப்படி.

பின்கதவுச் சங்கிலி கிணுங்கியது. கிணிங்... கிணிங்...

காசிராஜன் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தண்ணீர் இழுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

தோப்பில் இறங்கியபோதுதான் அதைக் கவனித்தார். பின்னால், தகரத் தளத்தில், ஈரக்கால் தடம். சின்னக் கால். ஒரு சாண்கூட இருக்காது. ஏறிய தடம் இருந்தது. இறங்கிய தடம் இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் காய்ந்து போனது.

அவர் வெள்ளத்தாயிடம் சொல்லவில்லை. அவளோ மத்தியானம் முழுக்க ஜீப்பையே சுற்றிச் சுற்றி வந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. மூன்று நாற்பதுக்குத் திரும்பக் கிளம்பியபோது, முன்னால் ஏறாமல், பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றாள். குரலில் ஒரு சந்தோஷம். எட்டு வருஷமாக அந்தக் குரலை அவர் கேட்டதில்லை.

வண்டி நகர்ந்தது. பின்னால் சீட்டில் யாரோ காலை ஆட்டி ஆட்டி உதைக்கிற சத்தம்.

டொக்... டொக்... டொக்...

வெள்ளத்தாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பாட்டு இல்லை, பேச்சு. ஒன்று கேட்பாள். நிறுத்துவாள். தலையாட்டுவாள். சிரிப்பாள்.

நாலு ஐந்து. ஓடையைத் தாண்டி ஏற்றத்துக்கு வந்தாயிற்று. காசிராஜன் கியரை மாற்றினார். இன்ஜின் உறுமியது.

பின்னாலிருந்து ஒரு குரல் அதே மாதிரி உறுமியது.

"உர்ர்ர்ர்..."

பிள்ளைக் குரல். பிறகு கிளுக்கென்று ஒரு சிரிப்பு.

காசிராஜன் மெதுவாகக் கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தார்.

வெள்ளத்தாய் தன் தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். அவள் இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன. விரல்கள் அசைந்தன.

வெறும் காற்றில்... மூன்று கால் பிரித்து...

சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

காசிராஜன் பிரேக்கை மிதித்தார்.

"ஏட்டி, என்ன பண்ணுத?"

"இந்த வண்டியே போதுங்க. புதுசு வேண்டாம்" என்றாள் வெள்ளத்தாய். கண்ணெல்லாம் தண்ணீர். "பிள்ள இருக்கா. எட்டு வயசு இருக்கும்."

புரோக்கர் மறைத்துவிட்டான். ஐயாதுரையும் மறைத்துவிட்டார். எந்த வீட்டுப் பிள்ளையோ இந்த வண்டியில் போய்ச் செத்திருக்கிறது. அதுதான் இவள் மேல் தொற்றிக்கொள்ளப் பார்க்கிறது. பிள்ளை இல்லாதவள் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது. இவளைக் கொண்டுபோய்விடும். காசிராஜனுக்கு அப்படித்தான் தோன்றியது. பயம் வந்தால் மனுஷனுக்கு வாயும் மனசும் கெட்டுப் போகும்.

"ஊரான் வீட்டுச் செத்த பிள்ள நமக்கு எதுக்குட்டி? எறங்கு கீழ."

டொக் டொக் சத்தம் நின்றது.

அப்புறம்... மெதுவாக... விசும்பல்.

வெள்ளத்தாய் அழவில்லை. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசும்பியது அவள் இல்லை.

அவளைப் பிடித்து இழுத்து முன்னால் உட்கார வைத்து, வீடு வந்து சேர்ந்தபோது மணி நாலு ஐம்பது. வாசலிலேயே வண்டியைக் கூட்டினார். சாக்கு, கயிறு, மாவிலை, வெள்ளத்தாயின் ரிப்பன், எல்லாவற்றையும் எடுத்தார். அவள் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். ஒரு நாள் இருக்கட்டும், ஒரே ஒரு நாள் என்றாள். அவர் காலை உதறிக்கொண்டு போனார். இதைச் சொல்லும்போது காசிராஜன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தனியாக ஓட்டினார். பின் சீட்டில் சத்தமே இல்லை. இறங்கிப் போய்விட்டது என்று நினைத்தார்.

ஐந்து இருபது இருக்கும். கியர் மாற்றக் கையை இறக்கினார். சட்டைக் கையை யாரோ பிடித்திருந்தார்கள்.

பிஞ்சு விரல்.

இறுக்கமாகக்கூட இல்லை... திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் பிடிக்குமே... அப்படி.

அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டை மட்டும் பார்த்தார். வாய் முருகா முருகா என்றது.

ஐந்து முப்பத்தைந்து. ஐயாதுரை வீட்டுக் கொட்டகைக்குள் வண்டியை விட்டார். வீடு பூட்டியிருந்தது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நடந்தார்.

பின்னால் சங்கிலி கிணுங்கியது.

கிணிங்...

நடையை எட்டிப் போட்டார்.

கிணிங்... கிணிங்...

ஓடினார். பஸ் ஏறுகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடனை உடனை வாங்கிப் புது ஜீப்பையே எடுத்தார். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, எல்லாம் முறைப்படி நடந்தது. வெள்ளத்தாய் சண்டை போடவில்லை. எங்கே கூப்பிட்டாலும் வந்தாள். முன்னால் உட்கார்ந்தாள், இறங்கினாள். பேச்சு மட்டும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் வாடகைக்கு இருக்கிற மாதிரி எட்டு மாதம் ஓடியது.

1992 சித்திரையில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கக் கடையில் நின்றபோது எதிரே ஐயாதுரை வந்தார். செத்த பிள்ளையை மறைத்து வண்டியைத் தலையில் கட்டப் பார்த்தாரே, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று காசிராஜன் வாயைத் திறந்தார். அதற்குள் ஐயாதுரை முந்திக்கொண்டார்.

"மக நல்லாருக்காளா?"

காசிராஜனுக்குப் புரியவில்லை.

"என்னய்யா முழிக்கீரு? அன்னைக்கு வண்டிய விட்டுட்டு, பிள்ளைய மறந்து வச்சுட்டுப் போயிட்டீரே. நான் ஆறு மணிக்கு வந்து பாக்கேன், பின் சீட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. யாரு பிள்ள தாயி நீன்னு கேட்டேன். காசிராஜன் மகளுன்னா."

காசிராஜன் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள வா, காப்பி தாரேன்னு கூப்பிட்டேன். மாட்டேன்னுட்டா. அப்பா வருவாக, இங்கனயேதான் இருக்கணும்னா. தண்ணி மோந்துக்கிட்டு வாரதுக்குள்ள ஆளக் காணும். நீருதான் ஓடி வந்து கூட்டிட்டுப் போயிட்டீர்னு நெனச்சேன்."

காசிராஜன் அந்த வண்டியில் அதற்கு முன்னால் ஏதாவது பிள்ளை செத்திருக்கிறதா என்று கேட்டார். ஐயாதுரைக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கல்யாணமே கட்டாதவர். பதின்மூன்று வருஷத்தில் அந்த ஜீப்பில் ஏலக்காய் மூட்டையும் கூலியாட்களும் தவிர யாரும் ஏறியதில்லை. சின்னப்பிள்ளை என்று ஏறியது அன்றைக்கு அந்த ஒருத்திதான்.

வண்டி எங்கே என்று கேட்டார் காசிராஜன். மறுநாள் விடியவுமே கம்பத்துக்காரர் ஒருவர் வந்து ஓட்டிப் போய்விட்டாராம்.

அன்றைக்கே கம்பத்துக்குப் போனார் காசிராஜன். வாங்கியவர் அதை வேறு ஆளுக்கு விற்றிருந்தார். அந்த ஆள் தை மாதமே அதை உடைத்து, இன்ஜினைத் தனியாக, தகரத்தைத் தனியாக எடைக்குப் போட்டுவிட்டார். பழைய இரும்புக் கடை வாசலில் அந்தியில் நின்றுகொண்டு காசிராஜன், தாயி, தாயி என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கூப்பிட ஒரு பேர்கூட வைக்கவில்லையே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். கடைக்காரர் தண்ணீர் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாராம்.

வீட்டுக்கு வந்து வெள்ளத்தாயிடம் சொன்னார். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அது தன் பிள்ளைதான் என்று அவளுக்கு ஓடைக்கரையிலேயே தெரிந்திருக்கிறது. அவர் நினைத்த மாதிரி அவள் கத்தவில்லை. ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க விட்டுட்டு வந்த பொறவு, அழுதாளா?"

"இல்லட்டி" என்றார் காசிராஜன். "சிரிச்சுக்கிட்டுதான் இருந்தாளாம்."