ஜவ்பர் டெய்லர் கண்டதும் சொன்னதும்

"கதைக்காதீங்க காக்கா. அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க. கால் ரெண்டையும் நிலத்தில வைங்க" என்று அண்ணன்முறை வைத்துச் சொல்லிவிட்டு, ஜவ்பர் டெய்லர் தன் உள்ளங்கைகள் இரண்டையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறார். அதன் பிறகுதான் எதிர்க் கதிரையில் இருப்பவரின் சட்டைக் கையை மடித்துவிட்டு, பிரஷர் மெஷினின் பட்டியைச் சுற்றுகிறார்.

கிண்ணியாவில், பாலத்துக்குக் கிட்டவுள்ள பள்ளிவாசலின் வெளி விறாந்தை அது. ஜும்ஆ முடிந்து சனம் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கு அப்பால் சீனன்குடாவிலிருந்து விமானம் எழும்பினால், அதன் இரைச்சல் அடங்கும்வரை டெய்லர் பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருப்பார். மெஷினுக்குச் சத்தத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் கதிரையில் இருப்பவர் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார் அல்லவா, அதுதான்.

இலக்கம் விழுந்ததும் குனிந்து, அந்த ஆளின் காதோடு காதாகச் சொல்லுவார். வேறு ஒருவருக்கும் கேட்காது. வரிசையில் நிற்பவர்கள் டெய்லரின் முகத்தைப் பார்த்து ஏதாவது பிடிக்கலாமா என்று முயல்வார்கள். நூற்றி இருபதுக்கும் அதே முகம், இருநூறுக்கும் அதே முகம். இருநூறு என்றால் மட்டும் அந்த ஆளின் கையை விடமாட்டார். மகனையோ தம்பியையோ கூப்பிட்டு, கையோடு கை கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்த ஆளைப் பார்ப்பார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. மெலிந்த, சற்று முன்வளைந்த உடம்பு. பிரதான வீதியில் சிறிய தையல் கடை. ஆண்களின் கால்சட்டையும் ஜுப்பாவும் தைப்பதில் கெட்டிக்காரர். ஊரிலுள்ள இடுப்புகளின் சரித்திரமெல்லாம் அவருடைய அளவுக் கொப்பியில் இருக்கிறது. கல்யாணத்தன்று முப்பதாக இருந்தவர் பிள்ளை பிறந்தபோது முப்பத்துநாலாகி, வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது நாற்பதானது எல்லாம் அவருக்கு மனப்பாடம். முன்பெல்லாம் இடுப்புத் தையலுக்குள் இரண்டு அங்குலத் துணி மடித்து விடுவார், பிறகு பெருத்தால் இளக்கிக் கொடுக்கலாம் என்று. இப்போது விடுவதில்லை. கேட்டால், "துணியில இடம் விட்டா நீங்களும் இடம் விடுவீங்க. பெருக்கிறண்டா வேற டெய்லர்ட்டப் போங்க" என்பார். சிலர் கோபித்துக்கொண்டு போயும் இருக்கிறார்கள்.

கடையைத் தவிர இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. மையித்துக் குளிப்பாட்டுவது, அதாவது இறந்தவர்களின் உடலைக் கழுவி அடக்கத்துக்குத் தயார்பண்ணுவது. இருபத்தாறு வருஷமாகச் செய்கிறார். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் கத்தரிக்கோலைப் போட்டபடி போட்டுவிட்டு எழும்பிவிடுவார். திரை கட்டி, உடம்பை மூடி, வலப்பக்கமிருந்து தொடங்கி, கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்து, துடைத்து, வெள்ளைக் கபன் துணியால் சுற்றி, முகத்தை ஒருமுறை ஒழுங்குபண்ணி உறவினரிடம் ஒப்படைப்பதுவரை ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த உடம்பில் கண்ட தழும்பையோ கட்டியையோ வெளியில் வந்து சொல்வதும் இல்லை. குளிப்பாட்டுகிறவன் கண்டது அவனோடு போக வேண்டும் என்பது அந்த வேலையின் ஒழுக்கம். உள்ளங்கை தேய்க்கும் பழக்கமும் இதனால் வந்ததுதான். "இந்தக் கை எங்கெங்க பட்ட கையெண்டு ஊருக்கே தெரியும். குளிரோட போய்ப் பட்டா ஆள் பயந்திருவான்" என்பார்.

நாலு வருஷத்துக்கு முந்திய நோன்பு மாதம். மீன் வியாபாரி நஸ்ரி பெருநாள் உடுப்புக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தார். வயது நாற்பத்துமூன்று. நெஞ்சளவு எடுக்கக் கைகளை உயர்த்தச் சொன்னபோது, நஸ்ரியால் அவற்றை உயர்த்தியபடி வைத்திருக்க முடியவில்லை. ஸ்டூலில் இருந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. இடது தோளிலிருந்து முழங்கைவரை வலது கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

"என்ன நஸ்ரி, ஏலாதா?"

"நோன்புதானே காக்கா. களைப்பு."

டெய்லர் அந்தக் கை நீவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்திய மாதம் குளிப்பாட்டிய ஒருவரைப் பற்றி அவருடைய மகன் அழுதழுது சொன்னது ஞாபகம் வந்தது. வாப்பா ஒரு கிழமையாகக் கையைக் கையை நீவிக்கொண்டிருந்தார் என்று. கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் இன்னொருவர் உடம்பில் காண்பதைப் பேசிப் பழக்கமில்லாத வாய் அது. கொப்பியைத் திறந்து, நெஞ்சு நாற்பத்திரண்டு என்று எழுதி மூடிவிட்டார்.

நாலாம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளியிலிருந்து கோல் வந்தது. கபன் துணி வெட்டும்போது அளவு பார்க்கத் தேவையிருக்கவில்லை. நஸ்ரிக்கென்று தைத்து முடித்திருந்த சட்டையை டெய்லரின் மனைவி சுஹைராதான் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். டெய்லருக்குப் போகக் காலெழும்பவில்லை.

அந்த வருஷம் அவர் குளிப்பாட்டிய ஆண்களில் ஐம்பது வயது தாண்டாதவர்கள் ஏழு பேர். பெருநாள் முடிந்ததும் கிளினிக்கில் வேலை செய்யும் துசானி என்ற தாதியிடம் போனார். மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய மெஷின் கையில் இருந்தது.

"மிஸ், இதப் பாவிக்கப் பழக்கிவிடுங்க. பள்ளியில வச்சு ஆக்களுக்குப் பார்க்கப் போறன்."

துசானி பட்டியை முதலில் அவர் கையிலேயே சுற்றினார். இலக்கத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் சுற்றினார். "காக்கா, நூற்றி எழுபத்திரண்டு. உங்களுக்கு இது எத்தனை வருஷமா இருக்கோ தெரியேல்ல. முதல் நீங்கள் கிளினிக் கொப்பி போடுங்கோ. பிறகு ஊரைப் பார்ப்பம்." டெய்லர் சிரித்தார். துசானி சிரிக்கவில்லை.

மௌலவி சம்மதம் கொடுத்து, ஜும்ஆவில் அறிவித்தும்விட்டார். விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு டெய்லர் காத்திருந்தார். ஐந்து கிழமை ஒருவரும் வரவில்லை. "டெய்லர் கபனுக்கு அளவெடுக்கிறார்டா" என்று யாரோ சொல்ல, செருப்பு விடும் இடத்தில் சிரிப்பு எழுந்தது. பள்ளியை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் லாபிர் ஹாஜியார் நின்று, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "பள்ளிய ஆஸ்பத்திரியாக்கிப் போடாதீங்க ஜவ்பர். ஆயுச அளக்கிறவன் அல்லாஹ்."

"ஓம் ஹாஜியார். நான் பிரஷரத்தான் அளக்கன்" என்றார் டெய்லர்.

வேறு ஆள் இல்லாததால் பட்டியைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டார். தன் இலக்கத்தை மட்டும் அவர் காதில் சொல்லவில்லை. விறாந்தை முழுக்கக் கேட்கச் சொன்னார். "நூத்தி அறுவத்தாறு." அடுத்த வெள்ளி, "நூத்தி அறுவத்தெட்டு. கருவாடு திண்டுட்டன்." அதற்கடுத்த வெள்ளி, "நூத்தி ஐம்பத்தேழு." கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதைப்போலச் சனம் நின்று கேட்கத் தொடங்கியது. கிளினிக் மருந்தில் நூற்றி முப்பத்தெட்டுக்கு இறங்கிய அன்று, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் வந்து எதிர்க் கதிரையில் இருந்து கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.

அதிலிருந்து வரிசை குறையவில்லை. நோன்புக் கஞ்சிக்குப் போடும் உப்பு பாதியானது. முதல் இரண்டு நாள் முறைப்பாடு வந்தது, பிறகு நாக்குப் பழகிவிட்டது. துசானி தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த தாள் ஒன்று பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறது. நெஞ்சு இறுகினால், தாடையோ இடது கையோ உளைந்தால், காரணமில்லாமல் வியர்த்தால், வாய்வு என்று இருந்துவிட வேண்டாம், உடனே அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடியுங்கள் என்று அதில் இருக்கிறது. பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் குர்ஆன் வகுப்புக்குப் பிறகு சுஹைரா பார்க்கிறார்.

லாபிர் ஹாஜியார் மட்டும் வரிசைப் பக்கம் வந்ததில்லை. போன வருஷம் மகளின் நிக்காஹ்வுக்கு உடுப்புத் தைக்க அவர் கடைக்கு வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அளவு நாடாவைக் கழுத்துக்குக் கொண்டுபோன டெய்லர், சட்டைக் கொலர் நனைந்திருப்பதைக் கண்டார். ஹாஜியார் தாடையைத் தடவினார்.

"பல்லுக் குத்தா ஹாஜியார்?"

"பல்லில்ல. காலையில இருந்து ஒரு உளைச்சல். வாய்வு ஏறிட்டு. நீங்க அளவ எடுங்க, கெதியாப் போகணும்."

டெய்லர் நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்தார்.

"அளவெடுக்க மாட்டன்."

"என்ன?"

"ஹாஜியார், ஒங்களக் குளிப்பாட்ட எனக்கு ஏலாது. நான் பார்த்துட்டு இருக்க மாட்டன். இதில இருங்க. எழும்பாதீங்க."

ஊரில் ஹாஜியாரிடம் அப்படிப் பேசியவர் அதுவரை எவரும் இல்லை. அவர் வாய் திறக்குமுன் டெய்லர் கடைக் கதவைப் பாதி சாத்தி, கதவடியில் நின்றபடியே 1990க்கு அடித்தார். அம்புலன்ஸ் வரும்வரை ஹாஜியார் திட்டிக்கொண்டிருந்தார். பாதியில் திட்டு நின்றுவிட்டது. உடனே டெய்லர் தரையில் முழங்காலிட்டு ஹாஜியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கலிமாச் சொல்லுங்க, நானும் சொல்றன்" என்றார். இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

மாரடைப்பேதான். இரத்தக் குழாயில் கம்பிவலை வைத்து, மூன்று கிழமை கழித்து ஹாஜியார் மெலிந்து திரும்பி வந்தார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. பள்ளி விறாந்தையில் இன்னும் நாலு கதிரை போடுவித்துவிட்டு, ஐந்தாவது ஆளாக வரிசையில் நின்றார்.

ஊர் டெய்லரைப் புகழ்ந்தது. டெய்லருக்கோ சோறு இறங்கவில்லை. ஒரு பகல், சோற்றுக் கோப்பையில் கைவைத்தபடி இருந்தவரிடம் சுஹைரா கேட்டார், "ஒரு மவுத்தத் தடுத்து உசிரக் காப்பாத்தின மனுசன் இப்படியா இருக்கிற?"

"ஹாஜியாருக்காகத் திறந்த என்ட வாய், நஸ்ரிக்கு ஏன் திறக்கல்ல சுஹைரா?"

சுஹைரா கோப்பையை எடுத்து மூடினார். "அத என்னட்டக் கேட்டு என்ன. கேக்க வேண்டிய இடத்தில போய்க் கேளுங்க. நானும் வாறன்."

அன்று அஸர் தொழுதுவிட்டு இருவரும் நஸ்ரியின் வீட்டுக்குப் போனார்கள். சுஹைராவின் கையில் மெஷின் பெட்டி இருந்தது. அவர் அதில்லாமல் எந்த வீட்டுக்கும் போவதில்லை. நஸ்ரியின் மனைவி நஜ்முன் நிஸா முன்விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார். டெய்லர் நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். கை உயராதது, வியர்வை, நீவியது, தான் கொப்பியை மூடியது. "நான் கண்டனான் தங்கச்சி. கண்டுட்டு வாய மூடிட்டன். மூணு வருஷமா ஒங்கட வாசலால போக ஏலாமக் கிடக்கன்."

நஜ்முன் நிஸா முக்காட்டின் ஓரத்தைத் திருகினார்.

"நானும் கண்டனான் காக்கா" என்றார் பிறகு. "சஹர் சாப்பாட்டுக்கு எழும்பினா சுவரைப் பிடிச்சிட்டு மூச்சு விட்டவர். நான் இஞ்சித் தண்ணி அவிச்சுக் குடுத்தன். வாய்வுதான், சரியாயிரும் எண்டு சொன்னதும் நான்தான். இது வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லல்ல." முக்காட்டால் நெற்றியைத் துடைத்தார். "எனக்கும் இப்ப தலை சுத்து. பயத்தில பார்க்காம இருக்கன்."

சுஹைரா எழும்பிப் போய் அவர் பக்கத்தில் இருந்து, பெட்டியைத் திறந்தார். டெய்லர் மரியாதைக்காகத் தன் கதிரையைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மெஷின் இரைந்து, தணிந்து, ஓய்ந்தது.

"நூத்தி ஐம்பத்திநாலு" என்று நஜ்முன் நிஸா வாசித்தார்.

பதில் வரவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சற்று உரத்துச் சொன்னார்.

டெய்லர் தொப்பியைக் கழற்றி இடது கையால் முகத்தில் அழுத்திப் பிடித்திருந்தார். கேட்டது என்பதற்கு அடையாளமாக, திரும்பாமலே, வலது கையை மட்டும் உயர்த்தினார்.