மேல்காட்டுக்கு ஏறிய ரேஸ் வண்டி

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். வேலையை விட்டு நின்ற அன்று முதலாளி அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார். கூடவே ஒரு வண்டியும் கொடுத்தார். வண்டி என்றதும் ஓடுகிற வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளியின் மகன் இளவட்டமாக இருந்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, மண்பாதையில் கொஞ்ச நாள் தூள் பறக்க ஓட்டி, சலித்துப்போய் பம்பு ஷெட்டில் சாத்திவிட்டுப் போன ரேஸ் வண்டி அது. டூ ஸ்ட்ரோக் பைக், பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து குடிக்கிற ரகம். அதை அப்புறப்படுத்த ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். பரிசாகக் கொடுத்துவிட்டால் வாங்குகிறவனே நன்றி சொல்லித் தள்ளிக்கொண்டு போவான். அவர்கள் முதலாளிகளாக இருப்பது சும்மா இல்லை.

தலைச்சோலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காபி மூட்டை போடும் அறையில் அது வந்து நின்றது. கொக்கு மாதிரி உயரம். முன்சக்கரத்துக்கு மேலே எட்டாத உயரத்தில் மட்கார்டு என்று ஒரு தகடு. டயர் முழுக்க முள்ளு முள்ளாக ரப்பர். முன்னால் விளக்கு இல்லை, பின்னால் ஒருவர் கால் வைக்க இடம் இல்லை. அதன் சீட்டில் என் கோழி ஒரு சாக்கைக் கிழித்து இடம் பண்ணிக்கொண்டு முட்டையிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க ஊட்ல ரேஸ் வண்டி இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முட்டை போடுவதைச் சொல்லமாட்டார்.

நான் கொடுத்த வாக்கு அந்த வண்டியை நம்பி நிற்க வேண்டிய நாளும் வந்தது.

எனக்கு மேல்காடு என்று ஒன்று உண்டு. என் அப்பா எனக்கென்று எழுதிவைத்தது. கரடியூர்ப் பக்கம் சரிவில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றிய காடு. வீட்டிலிருந்து ஒற்றையடிப் பாதைதான், செங்குத்து. காட்டின் மறுபக்கத்திலிருந்து ரிசார்ட்டுக்காரர்கள் போட்ட தார்ச்சாலை ஒன்று வருகிறது. அதில் கேட்டு உண்டு. நிலம் விற்க வருகிறவர்களுக்கு அந்தக் கேட்டு தானாகத் திறக்கும், மிளகு பறிக்கப் போகிறவர்களுக்குத் திறக்காது. என் முட்டி கெட்டுப்போன பிறகு மேல்காட்டுக்கு நான் ஏறவில்லை. மிளகைக் குரங்கு பாதியும் மனிதர்கள் பாதியும் பறித்துக்கொண்டார்கள்.

சேலத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் என் மகன் காரில் வந்து உட்கார்ந்தான். பலகாரம் வாங்கி வந்திருந்தான். பலகாரத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்.

"ஏனுங்கம்மா, ஏறவும் முடியல, எறங்கவும் முடியல. காடு வீணாக் கெடக்குது. நல்ல பார்ட்டி ஒண்ணு வருதுங்க. குடுத்துட்டு ரெண்டு பேரும் எங்கூட சேலத்துக்கு வந்துருங்க."

"சேலத்துல எனக்கு என்ன வேல சாமி?"

"ஒரு வேலையும் இல்லீங்கம்மா. நிம்மதியா இருக்கலாம்."

ஒரு வேலையும் இல்லாத நிம்மதியை அவன் வீட்டில் இரண்டு நாள் தங்கி நான் பார்த்திருக்கிறேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் சொல்லிவிட்டேன். "மொளகு பழுக்கறப்போ நான் மேல்காட்டுல வந்து நிப்பேன். நிக்கலைன்னா நீயே வித்துக்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"எப்படிங்கம்மா வருவீங்க? பறந்தா?"

மூலையில் உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "ஏன், ரேஸ் வண்டி இருக்குதல்ல."

மகன் சிரித்த சிரிப்பில் கோழிகூடப் பயந்து ஓடியது. தை மாதம் கழிந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு மேல்காட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். என் காடு முட்டையிடும் வண்டியின் தலையில் வந்து நின்றது.

மறுநாள் காலையில் அவர் கோழியைக் கிளப்பினார்.

"ஏனுங்க, கோழிக்கு வேற எடம் பாத்துக் குடுத்துட்டுக் கெளப்புங்க."

"ஏம்புள்ள, இது ரேஸ் வண்டி. உன்ற கோழிக்கு இதோட அருமை என்ன தெரியும்?"

"அதுக்காவது இது எதுக்கு ஆகும்னு தெரிஞ்சுதுங்களே."

ஜீப் ஓட்டியவருக்கு ஜீப்பைத் திறக்கத் தெரியும். இது ஜீப் இல்லை என்பதை ஒவ்வொரு திருகாகக் கழற்றித்தான் கண்டுபிடித்தார். பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி டீசல் ஊற்றி ஊறவைத்தார். பெட்ரோல் டேங்குக்குள் துரு பிடித்திருந்தது, என் சமையலறைக்கு வந்து புளிப்பானையைத் தூக்கிக்கொண்டு போனார். புளியைக் கரைத்து டேங்கில் ஊற்றி, சல்லிக் கல்லைப் போட்டு, பிள்ளையைத் தாலாட்டுவது மாதிரி வாசலில் உட்கார்ந்து குலுக்கினார். என் பிள்ளைகளை அப்படி ஒரு நாள் குலுக்கியிருப்பாரா என்றால் இல்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் ரசம் இல்லை. வண்டிக்கு இருந்தது.

டூ ஸ்ட்ரோக் வண்டியின் புகைக்குழாய்க்குள் எண்ணெய்க் கரி அடைத்துக்கொள்ளுமாம். சுட்டால்தான் போகுமாம். அதையும் எங்கே சுட்டார்? என் வெந்நீர் அடுப்பில். அன்று எங்கள் வீட்டிலிருந்து எழுந்த புகையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி குடத்தில் தண்ணீரோடு ஓடி வந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரு மரக்கிளை விஷயத்தில் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. எரிவது வீடில்லை, வண்டிதான் என்று தெரிந்ததும், தண்ணீரை என் கனகாம்பரச் செடிக்கு ஊற்றிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் அவர் நற்கருணை வாங்கக் கையை நீட்டினார். சாமியார் அந்தக் கிரீஸ் கையைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், கையில் வைக்காமல் நாக்கில் வைத்தார். என் வீட்டுக்காரர் அதைத் தனி மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

தை முடிவதற்குள் எல்லாப் பாகத்தையும் பெட்ரோலில் கழுவி முடித்துவிட்டார். கழுவியதைக் காயவைக்க வேண்டும். களத்தில் எங்கள் காபி, தோல் உரிக்காமல் பழமாகவே காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில் அங்கேதான் இருக்கிறது என்று களத்து ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார். மிளகாய் வற்றல் காயவைப்பது மாதிரி நேர்த்தி.

பிற்பகலில் திடீரென்று மேகம் இறங்கியது. ஒரு சொட்டு விழுந்தது.

எங்கள் ஊரில் களத்தில் ஒரு சொட்டு விழுந்தால் யாரும் யோசிப்பதில்லை. சோற்றில் கை வைத்தவர் அந்தக் கையோடு ஓடி வருவார். கூட்டு, குவி, சாக்கில் அள்ளு, உள்ளே போடு. யார் களம் என்பதுகூடக் கணக்கில்லை. பேச்சு வார்த்தை இல்லாதவர்களும் வந்து அள்ளிக் கொடுத்துவிட்டு, மறுபடி பேச்சு வார்த்தை இல்லாமல் போய்விடுவார்கள். நான் ஒரு பக்கம் கூட்டினேன், அவர் ஒரு பக்கம் பலகையால் தள்ளினார், பக்கத்து வீட்டுக்காரி நடுவில் அள்ளினாள். கண் மூடித் திறப்பதற்குள் களம் சுத்தம். மூட்டைகளை உள்ளே போட்டுவிட்டுத் தலையைத் துவட்டும்போதுதான் அவர் கேட்டார்.

"ஏம்புள்ள... சாக்கு எங்கே?"

அவர் தள்ளிய பலகையில் அவர் வண்டியும் சேர்ந்து மூட்டைக்குள் போயிருந்தது. பெரிய சாமான்கள் உடனே கிடைத்துவிட்டன. கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட்டு என்ற ஒன்று மட்டும் இல்லை. காபிக் கொட்டை அளவுகூட இல்லாத பித்தளைத் துண்டு. அதன் ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகிறதாம். அது இல்லாவிட்டால் மீதி வண்டி கோழிக்குத்தான்.

ஏற்காட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "ஐயா, அந்த வண்டியே இப்ப எங்கயும் இல்லீங்க. ஜெட்டுக்கு நான் எங்க போறதுங்க?" என்றான்.

மகன் வருவதற்கு அதிக நாள் இல்லை. என் காடு ஏதோ ஒரு மூட்டைக்குள் காபியோடு காபியாகக் கிடந்தது.

அவர் மூளையைக் கசக்கினார். பழைய ரேடியோவை உடைத்து அதிலிருந்த காந்தத்தை எடுத்தார். கயிற்றில் கட்டி, கொட்டி வைத்த காபிக்குள் விட்டு, மீன் பிடிப்பதுபோல இழுத்துக்கொண்டே இருந்தார். ஆணி வந்தது, சைக்கிள் குண்டு வந்தது, எப்போதோ தொலைந்த என் ஊக்கு வந்தது. நான் அதைக் குத்திக்கொண்டு, அவர் களைக்கும்வரை காத்திருந்தேன்.

"ஏனுங்க, அது என்ன சாமான்னீங்க?"

"பித்தள."

"காந்தம் பித்தளையைப் புடிக்குங்களா?"

தினமும் பித்தளைக் குடம் விளக்கியது நான், தண்ணீர் குடித்தது அவர். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார்.

நான் முறத்தை எடுத்தேன். ஒவ்வொரு முறமாகப் புடைத்துத் தடவிப் பார்க்க ஆரம்பித்தேன். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி தன் முறத்தோடு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தானும் அள்ளிய பாவம் போலிருக்கிறது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் புடைத்தோம். மூட்டை மூட்டையாகப் போனது. கடைசியில் அவள் எழுந்தாள். எதையோ படக்கென்று சுவர் மேல் வைத்துவிட்டு, சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். மஞ்சளாக மின்னியது. அடுத்த முறத்தில் எனக்கே கிடைத்திருக்கும். இருந்தாலும் அவள் கண் கெட்டிதான்.

பாகங்களையெல்லாம் சேர்த்து வண்டியைப் பூட்டினார். நான் கால் வைக்க, காபிப் பழம் உரிக்கிற பழைய பல்பர் மெஷினின் குழாயை வெட்டிப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஊற்றினார். உதைத்தார், உதைத்தார், அவர் செருப்புதான் அறுந்தது. பிறகு ஒரு உதையில் அது பிடித்துக்கொண்டது பாருங்கள், தகர டப்பாவுக்குள் தேனீக்கூட்டம் புகுந்த மாதிரி சத்தம். நீலப் புகை தெருவை மூடியது. கொசு மருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் ஓடி வந்தன. புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டு அவர் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மகன் குறித்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து சேலையைச் சுருட்டிச் செருகிக்கொண்டேன். வண்டி நன்றாகத்தான் ஏறியது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய பாறைகளை ஆட்டுக்குட்டி மாதிரி தாண்டியது. பெருமை தாங்காமல் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்க, என்னையப் பின்னால பாத்துக்கலாம்."

கடைசி வளைவுதான் செங்குத்து. அதில் என் கனத்துக்கு முன்சக்கரம் வானத்தைப் பார்த்துத் தூக்கியது. அவர் காலை ஊன்றிவிட்டார்.

"எறங்கு புள்ள. வண்டி ரெண்டு பேரைத் தாங்காது."

"வண்டியா, நீங்களா?"

"எறங்கிப் பின்னால புடிச்சுத் தள்ளு. சீக்கிரம்!"

அவர் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். ராஜா இறங்குவாரா? நான் இறங்கித் தள்ளினேன். பின்சக்கரம் சுற்றி அந்த முள்ளு ரப்பரால் மேல்காட்டு மண்ணையெல்லாம் வாரி என் முகத்தில் அடித்தது. முட்டி இரண்டும் கத்தின. மேலேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது, மகனின் குரலும் யாரோ ஒருவரின் குரலும். அதைக் கேட்ட பிறகு முட்டியாவது ஒன்றாவது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன்.

சில்வர் ஓக் மரத்தடியில் மகனும், ரிசார்ட் பார்ட்டிக்காக வந்த, வெள்ளைச் சட்டை போட்ட புரோக்கரும் நின்றிருந்தார்கள். புகைக்குப் புரோக்கர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். என் வீட்டுக்காரர் ஒரு வட்டம் அடித்து நிறுத்தினார். நான் தலை முதல் கால்வரை மண்ணோடு போய் என் காட்டில் நின்றேன்.

"ஏனுங்கம்மா, வண்டில ஏறி வருவீங்கன்னு பாத்தா, வண்டியவே ஏத்திக்கிட்டு வர்றீங்க!" என்றான் மகன்.

புரோக்கர் அவனை ஒரு பார்வை பார்த்தார். "என்னங்க சார், அம்மாவுக்கு முட்டி போயிருச்சு, நடக்கவே மாட்டாங்கன்னு சொன்னீங்களே?"

எனக்கு மூச்சு வாங்கியது. காட்டிக்கொள்ளாமல் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு என் மரம், பிடித்திருக்கிறேன் என்றுதான் தோன்றும்.

புரோக்கர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இதையாவது குடுப்பீங்களாங்க? ரிசார்ட் வாசல்ல நிறுத்தினா போட்டோ எடுக்க நொம்ப நல்லா இருக்கும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கோழிக்குப் போட்டியாகப் போட்டோக்காரர்கள்.

"காடும் இல்லீங்க, வண்டியும் இல்லீங்க. மொளகு இருக்குது, பழுத்திருக்குது. வந்ததும் வந்தீங்க" என்று, நான் இடுப்பில் செருகிக் கொண்டுவந்த சாக்கைப் புரோக்கர் கையில் கொடுத்தேன். வந்த மனிதரைச் சும்மா நிற்க வைப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அவர் வெள்ளைச் சட்டையோடு சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகன் ஷூவைக் கழற்றினான். மரத்தடியில் கிடந்த ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். சின்ன வயதில் ஏறிய கால் மறக்கவில்லை.

"அடுத்த வருசம் என்னங்கம்மா பண்ணுவீங்க?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"அடுத்த வருசம் நீதான் பின்னால தள்ளோணும் கண்ணு. இப்ப அந்த வலது பக்கக் கொத்தை விட்டுட்டியே, அதையும் பறி" என்றேன்.