சென்றியில் எடுத்த பாடம்

போன கிழமை காலி வீதியில் ஒரு புத்தகக் கடைக்குப் பேனை வாங்கப் போனேன். வாசலிலேயே கம்பியில் பிளாஸ்ரிக் பைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு பைக்குள்ளும் இரண்டு பற்றரி, ஒரு குட்டி மின்குமிழ், சிவப்பு வயர், சுவிட்ச். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மின்சுற்றுச் செய்து பார்ப்பதற்காம். கடைப் பெடியன் சிரித்துக்கொண்டு, "ஆருக்கு அன்ரி, பேரப்பிள்ளைக்கோ?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனையும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். பாவம், அவன் என்ன செய்தான்?

புது வயருக்கு ஒரு ரப்பர் மணம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அந்த மணம் இருபத்திமூன்று வயதில்தான் அறிமுகம். அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். சிரிக்காதீர்கள். அங்கே அப்போது யுத்தம், மின்சாரம் இல்லை, குண்டு செய்வார்கள் என்று அரசாங்கம் பற்றரிக்கும் தடை போட்டிருந்தது. ரேடியோ கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ ஓட ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் சுற்றுகிறவனுக்குக் கை ஓயும். அப்படிப்பட்ட ஊரில் மின்சுற்றை எப்படிப் படிப்பிப்பது? கரும்பலகையில் குமிழ் ஒன்றைக் கீறி, சுற்றிவர நாலு கோடு இழுத்து, "இப்ப எரியுது பிள்ளையள்" என்பேன். அதுகளும் நம்பின.

பிறகு கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பரமேஸ் அக்கா வீட்டில் ஒரு அறை கிடைத்தது. வந்த அன்றே பொலிசில் பதியக் கூட்டிப்போனா. கொழும்பில் நிற்பதற்குக் காரணம் என்ன என்று கேட்டார்கள். சொந்த நாட்டில் நிற்பதற்குக் காரணம்! ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள் அதைச் சொன்னார்கள். எனக்குச் சொல்ல இருந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்த தற்காலிக வேலை மட்டும்தான். தற்காலிகம் என்றால், அதிபருக்குப் பிடிக்காவிட்டால் நாளைக்கு இல்லை. ஆசிரியப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் கைக்கு வந்தால் நிரந்தர நியமனம். அதற்குப் பிறகு றோட்டில் எந்தச் சென்றியில் சோதனைக்கு மறித்தாலும் 'கவர்ன்மென்ற் ரீச்சர்' என்று நிமிர்ந்து சொல்லலாம். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் சனி ஞாயிறெல்லாம் பயிற்சி வகுப்பில் வாங்கு தேய்த்தேன்.

எழுத்துப் பரீட்சைகள் எல்லாம் பாஸ். மிச்சம் இருந்தது மதிப்பீட்டாளர் வகுப்புக்கு வந்து நாங்கள் படிப்பிப்பதைப் பார்ப்பது. முதல் தடவை வந்தவர் பின்வாங்கில் இருந்து எல்லாம் பார்த்தார். ஊர்ப் பழக்கத்தில் நான் கரும்பலகையையே நம்பி நின்றேன். போகும்போது, "பிள்ளை, குரல் நல்லது, விளக்கம் நல்லது. ஆனா கையில ஒண்டுமில்லையே. அடுத்த முறை சாமானோட படிப்பியும். அதுதான் கடைசிச் சான்ஸ்" என்றார்.

சாமான்தானே? இதென்ன பெரிய காரியம், இது கொழும்பல்லவா! மூலைக்கு மூலை கடை, கடைக்குக் கடை பற்றரி. வகுப்பை ஆறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் கையால் குமிழை எரிய வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். பற்றரி வாங்கிய கடைக்கார முஸ்லிம் நானா, "என்ன மிஸ், கடை வைக்கப் போறீங்களா?" என்று பகிடி பண்ணினார். அறையில் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொரு குமிழாக எரித்துப் பார்த்தேன். மெய்யாகவே எரிந்தது! பைத்தியக்காரி மாதிரித் தனியே இருந்து கை தட்டினேன். பரமேஸ் அக்கா எட்டிப் பார்த்து, "உதென்னடி, கலியாண வீட்டுச் சோடினையோ?" என்றா. பிறகு குரலைத் தாழ்த்தி, "உதுகளைத் தூக்கிக்கொண்டு றோட்டில போகாத" என்றா. நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பற்றரிக்குத்தான் தடை, கொழும்பில் அந்தத் தடை இல்லை என்ற அளவில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. கொழும்பில் யாழ்ப்பாணத்துக் கை பற்றரியோடு போவதற்குத்தான் தடை என்று எந்தக் கடையிலும் எழுதி வைத்திருக்கவில்லை.

அடுத்த நாள் காலை பஸ் கொட்டாஞ்சேனையை நெருங்கியபோது சென்றியில் மறித்தார்கள். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையை நீட்டினோம். என் அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையைத் திறக்கச் சொன்னார்கள். பிஸ்கற் ரின்னுக்குள் பன்னிரண்டு பற்றரியும் வெட்டி மடித்து வைத்த வயரும். ஆமிக்காரன் இரண்டு அடி பின்னால் போனான். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. சனம் ஜன்னலால் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வரக்கூடாது.

பக்கத்தில் இருந்த பொலிஸ் அறைக்குக் கொண்டுபோனார்கள். மேசையில் ஒரு சார்ஜன்ற், சுற்றிவர நாலைந்து பேர். எனக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறி வாங்கத்தான் காணும். "மம டீச்சர். லமய்ட்ட. இஸ்கோலெட்ட" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் ரீச்சர், பிள்ளைகளுக்கு, பள்ளிக்கூடத்துக்கு. சார்ஜன்ற் ரின்னை என் பக்கம் தள்ளி, "ஹரி, பென்னன்ன" என்றார். சரி, காட்டு.

காட்டினேன். வயரின் நுனியை உரித்து, பற்றரியில் பிடித்து, குமிழைத் தொடுத்தேன். எரிந்தது. "ஷா!" என்றான் ஒருவன். என் தம்பியின் வயதில் இருந்த ஒரு கொன்ஸ்தாபிள் கிட்ட வந்து, பற்றரியைத் திருப்பிப் பிடித்தால் எரியுமா என்று சைகையால் கேட்டான். 'நீயே செய்து பார்' என்று அவன் கையில் கொடுத்தேன். செய்தான், எரிந்தது. 'ஏன்?' என்று கேட்டேன். அவன் யோசித்து, விரலால் மேசையில் வட்டம் கீறிக் காட்டினான். நான் என்னை மறந்து "வெரி குட்!" என்று சொல்லிவிட்டேன். பிடிபட்டு நிற்கிறவள் பொலிசைப் பாராட்டுகிறேன், பாருங்கள் என் புத்தியை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பாடம் ஒன்று நான் எடுத்ததில்லை.

சார்ஜன்றும் சிரித்தார். பிழையான மனிசன் இல்லை. அதிபர் ஒரு சொல் சொன்னால் விடுகிறேன் என்று பள்ளிக்கூட நம்பரை வாங்கி டெலிபோன் எடுத்தார். மதிப்பீட்டாளர் வர இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. ஓடினால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நான் வயர்களை மடித்து ரின்னுக்குள் வைக்கத் தொடங்கினேன். சார்ஜன்ற் பேசினார், கேட்டார், திரும்பவும் கேட்டார். ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இப்போது சிரிப்பு இல்லை. "எயா கியன்னே ஒயா டீச்சர் கெனெக் நெமெய்லு" என்றார்.

நீ ரீச்சர் இல்லையாம் என்று அதிபர் சொல்கிறார்.

ரின்னை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். என்னை வாங்கில் இருத்தினார்கள். என் பாடவேளை தொடங்கியதையும் முடிந்ததையும் சுவர் மணிக்கூட்டில் பார்த்துக்கொண்டு இருந்தேன். பின்னேரம் வெள்ளவத்தைப் பதிவைச் சரிபார்த்த பிறகு பரமேஸ் அக்கா திறீவீலரில் வந்து இறங்கினா. எல்லாருக்கும் கேட்கச் சிங்களத்தில், "இவ என்ர வீட்டுப் பிள்ளை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டா. வெளியே வந்ததும், "உன்ர அதிபர் வரேல்லையோ?" என்றா. நான் போய்த் திறீவீலரில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் மேசைகளை ஆறு குழுவாகப் போட்டபடியே வைத்திருந்தார்கள். "மிஸ், நேத்து உங்க பாடத்தப் பாக்க அந்த சேர் வந்து பின்னால உக்காந்தாரு. பெல் அடிக்கிற வரைக்கும் நாங்க சத்தமே போடல்ல மிஸ், உங்களுக்கு மார்க்ஸ் கொறைஞ்சிரும்னு" என்றாள் முன்வாங்கில் இருந்தவள். பொலிசில் அழாதவள் அங்கே அழுதேன்.

அதிபர் அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "பிள்ளை, நான் பொய் சொல்லேல்ல. நீர் நியமனம் இல்லாத ஆள்தானே? பொலிசில கேட்டா உள்ளதைத்தான் சொல்லலாம். பள்ளிக்கூடத்தையும் நான் பாக்க வேணும்" என்றார். சாத்திய கதவையே திரும்பத் திரும்பப் பார்த்தார், பயம்தான். பயப்படுகிற காலம்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

பயிற்சி அலுவலகத்தில் என் பெயருக்கு நேரே 'சமுகமளிக்கவில்லை' என்று போட்டிருந்தார்கள். அங்கிருந்த அம்மா நல்லவ. "பொலிஸ் கதையை எழுதாதேங்கோ. வருத்தம் எண்டு மெடிக்கல் குடுங்கோ. நீங்கள் அங்க படிப்பிக்கிறனீங்கள் எண்டு அதிபர் கையெழுத்து வைச்சா இன்னொரு நாள் தருவினம்" என்றா. அதிபர் வைக்கவில்லை. பொலிசுக்கு ஒன்றும் அலுவலகத்துக்கு இன்னொன்றுமாக எப்படிச் சொல்வது என்று கேட்டார். தவணை முடிந்ததும் வேலையும் முடிந்தது. பிறகு வெள்ளவத்தையில் தகரக் கொட்டில்களில் ரியூசன், இத்தனை வருசமாக ரியூசன்தான். நியமனம் என்ற பேச்சே பிறகு இல்லை.

இப்போது அந்தச் சென்றி நின்ற இடத்தில் ஜூஸ் கடை. பொலிஸ் அறையை இடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புது மாடி, புதுப் பெயர்ப்பலகை. பரமேஸ் அக்கா ரொறன்ரோவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டா. அந்த வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தியின் முகமாவது றோட்டில் தட்டுப்படாதா என்று பார்க்கிறேன், இல்லை.

அதிபரைப் போன ஆவணியில் ஒரு கலியாண வீட்டில் கண்டேன். நன்றாகத் தளர்ந்துபோனார், மகன் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினான். அவருக்குச் சொல்வதற்கென்றே நான் வருசக்கணக்காக மனதுக்குள் தீட்டி வைத்திருந்த வசனங்கள் எத்தனை! கிட்டப் போனேன். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து மகனைத் திருப்பினார். "இவ ஆர் தெரியுமோ? எங்கட பள்ளிக்கூட சயன்ஸ் ரீச்சர். கெட்டிக்கார ரீச்சர்."

நடிக்கவில்லை. கண்ணைப் பார்த்தேன், மனிசனுக்கு அந்த நாள் அடியோடு மறந்துபோயிற்று. மகன் கை கூப்பி, "வணக்கம் ரீச்சர்" என்றான். சார்ஜன்ற் கேட்டபோது டெலிபோனில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வசனத்தை, கலியாண வீட்டுக் கதிரையில் சாய்ந்து வடை கடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொல்லிவிட்டார்.