பாலர் பள்ளிக்கு வந்த கறுப்பு மணல்

மண்ணோ மணலோ எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தால், காயவைத்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துச் சில வாரம் வைத்துவிடுவோம். ரேடியத்திலிருந்து கசியும் ரேடான் வாயு டப்பாவுக்குள்ளேயே தங்கினால்தான், காமாக் கதிர்களை எண்ணும் கருவி சரியான அளவைக் காட்டும். பொறுமை வேண்டிய வேலை. அந்தப் பொறுமையைக் கொண்டுபோய்ச் சின்னப் பிள்ளைகள் தலையில் கட்டுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

ரெங்கம் பக்கத்தில் தேவாலயம் நடத்தும் ஒரு பாலர் பள்ளி. அதன் நிர்வாகக் குழுத் தலைவர் ஒரு கட்டுமானக் குத்தகையாளர். பிள்ளைகள் விளையாட ஒரு லோரி மணலை இலவசமாகக் கொட்டியிருந்தார். மணல் ஏன் இப்படிக் கறுப்பாக இருக்கிறது என்று பெற்றோர் முணுமுணுக்க, அவர்கள் வாயை அடைக்க அதில் ஒரு பையை எங்களுக்கு அனுப்பினார். வெள்ளீயச் சுரங்கத்தில் அலசி ஒதுக்கிய மணல் என்று பார்த்தவுடனே தோன்றியது. அடைப்பதற்கு முன்பே ஒருமுறை கருவியில் வைத்துப் பார்த்தேன். கதிரியக்கத் தோரியத்தின் கோடுகளும் ரேடியத்தின் கோடுகளும் சாதாரண மணலில் வருவதைவிடப் பல மடங்கு உயரமாகத் திரையில் எழுந்து நின்றன.

மேலாளரிடம் ஓடினேன். "பிள்ளைங்கள அதுல விளையாட விடாதீங்கன்னு இப்பவே சொல்லிடலாம் சார்."

"ரிப்போர்ட் வராம வாய தொறக்காதீங்க. கஸ்டமர் லா அவரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடைத்து வைத்தால் அளவு ஏறுமே தவிர இறங்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடு என்கிறார்!

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு ரெங்கத்துக்கு வண்டியை விட்டேன். பிள்ளைகள் அந்த மணலில் உட்கார்ந்து, ஐஸ்கிரீம் டப்பாவில் சோறு சமைத்து, ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சரிடம் ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறேன் என்றேன்.

"லேப்ல ஒன்னும் சொல்லலன்னு தலைவர் சொன்னாரு, மேடம். அதான் விட்டுட்டோம்," என்றார் டீச்சர்.

நாங்கள் வாய் திறக்காததே அந்த மனிதருக்குச் சான்றிதழாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் பிள்ளைகளை அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் கை கழுவ வைத்தார். பிறகு தலைவருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

"யாரு உங்கள வரச் சொன்னா? ரிப்போர்ட் வரட்டும். அதுக்குள்ள பிள்ளைங்களுக்கு ஒன்னும் ஆவாது லா."

"அப்படின்னா மணல உங்க வீட்டு வாசல்ல கொட்டிக்குங்க சார். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் உங்க பேரப்பிள்ளைங்க விளையாடட்டும்."

அவர் டக்கென்று போனை வைத்துவிட்டார்.

அன்று மாலையே லோரி வந்து மணலை வாரிக்கொண்டு போனது. ரிப்போர்ட் வர இன்னும் சில வாரம் இருந்தது.